நான் தினமும் பார்க்கும் செஸ் யூடியூபரிடமே தோற்றிருக்கிறேன், ஆடும்போது தெரியவே இல்லை

சேலம்_சிப்பாய்:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே ரொம்ப நாளாக வாசிக்கிறேன், எழுதியது குறைவு. இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

போன செவ்வாய்க்கிழமை கடையை அடைத்துவிட்டு வந்து சாப்பிட்டு முடிக்கும்போது இரவு பதினொன்றரை. தூங்கும் முன் ஆன்லைனில் பத்து நிமிட செஸ் ஆட்டம் (ரேபிட்) ஒன்று ஆடுவது வழக்கம். என் ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) 1500-ஐ ஒட்டித்தான் மூன்று வருடமாக நிற்கிறது. எதிரில் வந்த கணக்கு தொடங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. படம் இல்லை, நாட்டுக் கொடி இல்லை, ரேட்டிங் 1490.

எனக்குக் கறுப்பு. வழக்கம்போல கேரோ-கான் என்ற தொடக்கம். எட்டு, ஒன்பது நகர்த்தலுக்குள் எச்6 ஆடினேன், அதாவது ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் முன்னே தள்ளினேன். எதிராளியின் பிஷப் ஜி5-க்கு வந்து குதிரையைக் கட்டிப்போடும் என்ற பயத்தில் கை தானாகச் செய்வது அது. அவர் அவசரப்படவே இல்லை. ராணிகளை மாற்றினார், குதிரைகளை மாற்றினார். கடைசியில் ஆளுக்கு ஒரு யானை, அவருக்கு மட்டும் ஒரு சிப்பாய். என் கடிகாரத்தில் நாற்பது நொடி.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. நான் நான்கு வருடமாகத் தினமும் பார்க்கும் ஒரு செஸ் யூடியூபர், கிராண்ட்மாஸ்டர், ஃபிலிடோர் நிலை பற்றி ஒரு வீடியோ போட்டிருந்தார். சிப்பாய் குறைவாக இருப்பவர் யானையைத் தன் பக்கத்திலிருந்து மூன்றாவது வரிசையில் நிறுத்தி, எதிரி ராஜாவை முன்னேற விடாமல் தடுக்க வேண்டும். அப்படியே செய்தேன். என் ராஜா இ8, யானை ஏ6. அவர் ராஜா எஃப்5, யானை எச்7, சிப்பாய் இ5. சிறிது நேரம் அப்படியே நின்றோம். பிறகு அவர் சிப்பாயை இ6-க்குத் தள்ளினார். எனக்குப் பதற்றம். யானையை ஏ8-க்கு இழுத்து ராஜாவுக்குப் பக்கத்துணையாக வைத்தேன். அவர் ராஜா எஃப்6. எச்8-இல் யானை வந்தால் மேட். ராஜாவை நகர்த்தித் தப்பித்தாலும் யானை போய்விடும். ஆட்டத்தை விட்டுக் கொடுத்தேன். அவர் ‘நல்ல ஆட்டம், நன்றி’ என்று எழுதினார், நானும் எழுதினேன். தூங்கிவிட்டேன்.

இன்று காலை கடையில் ஷட்டரைத் தூக்கிவிட்டு, டீ வரும்வரை அவருடைய புது வீடியோவைப் போட்டேன். ஸ்பீட்ரன் தொடரில் அடுத்த பகுதி. புதுக் கணக்கில் கீழ் ரேட்டிங்கில் தொடங்கி, ஒவ்வொரு நகர்த்தலையும் விளக்கிக்கொண்டே ஏறிப்போவார். இரண்டாவது ஆட்டம் கேரோ-கான். எதிராளியின் பெயரை மறைத்திருந்தார். எச்6 வந்ததும் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். அது என் ஆட்டம்.

அவர் என் எச்6-ஐப் பற்றி இரண்டு நிமிடம் பேசினார். இது ஏன் எல்லோருக்கும் கை தானாகப் போகும் நகர்த்தல், அதில் வீணாகும் ஒரு டெம்போவை (ஒரு நகர்த்தலுக்கான நேரத்தை) வெள்ளை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று. எண்ட்கேமில் (ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில்) நான் யானையை ஏ6-இல் வைத்ததும் பேச்சை நிறுத்தினார். ‘இவருக்கு ஃபிலிடோர் தெரிந்திருக்கிறது’ என்றார். இது கணக்குப்படி டிரா, இவரிடம் அரை நிமிடம்தான் இருக்கிறது, இந்த நேரத்தில் இதை நினைவு வைத்திருப்பது சாதாரண விஷயம் இல்லை என்றார்.

அவரிடம் கற்றதை அவருக்கு எதிராகவே ஆடியிருக்கிறேன், அதை அவர் கவனித்திருக்கிறார். கண் கலங்கிவிட்டது. கடைக்கு வந்த முதல் ஆளுக்கு மீதிச் சில்லறையைத் தப்பாகக் கொடுத்தேன்.

அவர் பெயரை இங்கே எழுதவில்லை. கணக்கு இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. பெயர் தெரிந்தால் நேரம் பார்த்துத் தேடிப்போய் ஆடுவார்கள், தொடர் கெட்டுவிடும். தெரிந்தவர்களும் எழுத வேண்டாம்.

உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

கடிகாரம்_ஓடுகிறது:

அண்ணா, வாசித்துவிட்டு எனக்கே சிலிர்த்தது. ஒரே ஒரு சந்தேகம். இ6 வந்தபோது என்ன ஆடியிருக்க வேண்டும்? ஏ6-இலேயே நின்றிருந்தால் போதாதா?

சேலம்_சிப்பாய்:

போதாது தம்பி. சிப்பாய் இ6-க்கு வந்தவுடன் அதுவே அவர் ராஜாவுக்குத் திரை ஆகிவிடுகிறது. ஏ6-இலிருந்து என் யானை பார்க்கும் பார்வை இ6-இல் முட்டி நின்றுவிடும், எஃப்6 அவருக்குத் திறந்துவிடும். அந்த நொடியில் யானை முழுத் தொலைவும் பின்னால் போக வேண்டும், ஏ1-க்கு. பிறகு ராஜா எஃப்6 வந்தால் எஃப்1-இல் செக், இ5-க்குப் போனால் இ1-இல் செக். சிப்பாய் முன்னேறிவிட்டதால் அவர் ராஜாவுக்கு ஒளிய இடம் கிடையாது. நான் வீடியோவின் முதல் பாதியை நினைவு வைத்திருந்தேன், இரண்டாம் பாதியை மறந்துவிட்டேன்.

பழைய_ஆர்பிட்டர்:

மிக நல்ல பதிவு. அந்த நிலைக்குப் பெயர் தந்த ஃபிலிடோர் 18ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுக்காரர். 1726இல் பிறந்து 1795இல் மறைந்தார். அவர் காலத்தில் இசையமைப்பாளராகவும் பெரிய பெயர். அவர் எழுதி வைத்த ஒரு தற்காப்பு, இருநூறு வருடத்துக்கு மேல் கழித்து, நள்ளிரவில், சேலத்தில் ஒரு கடைக்காரருக்கு நினைவுக்கு வருகிறது. இதற்காகத்தான் எண்ட்கேம் படியுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

இன்னொன்று. இரண்டு வாரக் கணக்கு எப்படி அவ்வளவு வேகமாக ரேட்டிங் ஏறுகிறது என்று சிலர் நினைக்கலாம். நம் ஊர்ப் போட்டிகளில் பார்க்கும் ரேட்டிங் அர்பட் ஈலோ வகுத்த முறை. லிசெஸ், செஸ்.காம் போன்ற தளங்கள் மார்க் கிளிக்மன் உருவாக்கிய கிளிக்கோ வழியில் போகின்றன. அதில் ரேட்டிங்கோடு ‘இந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்’ என்று இன்னொரு எண்ணும் உண்டு. புதுக் கணக்கில் நம்பிக்கை குறைவு, அதனால் ஒரு வெற்றிக்கே ரேட்டிங் எகிறும். உங்கள் 1500 வழியாக அவர் ஒரு சில ஆட்டங்களில் கடந்து போயிருப்பார். அந்தச் சில ஆட்டங்களில் ஒன்று நீங்கள். அதே நிமிடத்தில், அதே பத்து நிமிட ஆட்டத்துக்கு, அதே ரேட்டிங்கில் எத்தனை ஆயிரம் பேர் காத்திருந்திருப்பார்கள், யோசித்துப் பாருங்கள்.

நீலக்கட்டம்:

நான் பிளிட்ஸில் 2300 பக்கம் ஆடுகிறேன். அந்த உயரத்தில் கூட்டம் மெலிந்துவிடும். இரவில் மூன்று நிமிட ஆட்டம் தேடினால் திரும்பத் திரும்ப அதே முகங்கள்தான். பெயருக்குப் பக்கத்தில் பட்டத்தின் அடையாளமும் இருப்பதால் யார் என்று உடனே தெரிந்துவிடும். தெரிந்து ஆடுவதில் ஒரு கஷ்டம் இருக்கிறது. பலகையைப் பார்ப்பதற்குப் பதில் பெயரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்குப் பிடித்த ஒரு ஸ்ட்ரீமருக்கு எதிராக நல்ல நிலையில் இருந்தும் பயந்துபோய் டிராவுக்குக் கேட்டிருக்கிறேன். அவர் ஏற்றுக்கொண்டார். அது இன்றும் உறுத்துகிறது. தெரியாமல் ஆடியதால்தான் நீங்கள் ஏ6-ஐ ஆடினீர்கள் என்று நினைக்கிறேன்.

மாக்னஸ் கார்ல்சனே 2018, 2019 வாக்கில் லிசெஸ்ஸின் பட்டம் பெற்றவர்களுக்கான அரீனா போட்டிகளில் டாக்டர்டிரங்கன்ஸ்டீன் போன்ற புனைபெயர்களில் ஆடியிருக்கிறார். உலக சாம்பியன் வேறு பெயரில் வந்து எதிரில் உட்கார்வது என்பது இந்த விளையாட்டில் மட்டும்தான் இவ்வளவு சுலபமாக நடக்கும்.

போச்சின்கி_வாசி:

செஸ்ஸில் மட்டும் இல்லை நண்பரே. 2020 ஊரடங்கு நேரம், பப்ஜி தடை வருவதற்கு முன். செப்டம்பர் 2 அன்று தடை வந்தது, இது அதற்கு இரண்டு மாதம் முன்பு இருக்கும். எராங்கல் மேப். எங்கள் நாலு பேர் கூட்டாளிகளில் ஒருவன் தூங்கப் போய்விட்டான், அந்த இடத்துக்கு யாரோ ஒருவர் வந்தார். விமானத்திலிருந்து குதிக்கும்வரை பேசவில்லை. அந்த மேப்பில் உள்ள போச்சின்கி என்ற ஊரில் இறங்கியதும் மைக்கில், ‘அந்த ரெண்டு மாடி வீடு எனக்கு, நீங்க பக்கத்து வீட்டைப் பாருங்க’ என்றார். அந்தக் குரல்! ஒரு வருடமாக ராத்திரி ராத்திரி காதில் கேட்ட குரல். பெயர் வேறு, உடை வேறு. குரலை மாற்ற முடியாதே. நான் மைக்கை அணைத்துவிட்டு என் தம்பியை எழுப்பப் போனேன். திரும்பி வருவதற்குள் என்னைச் சுட்டுவிட்டார்கள். அவர் ஓடி வந்து என்னைத் தூக்கிவிட்டார், முதலுதவிப் பெட்டியும் போட்டார். ‘நீங்கள் அவர்தானே’ என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அந்த ஆட்டம் ஆட்டமாக இருக்காது என்று தோன்றியது. எட்டாவது இடம் வந்தோம். முடிந்ததும், ‘நல்லா ஆடினீங்க தம்பிகளா’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தம்பி இன்றுவரை நம்பவில்லை. அது பரவாயில்லை.

ராணி_பத்திரம்:

எல்லோரும் மகிழ்ச்சியாக எழுதும் இழையில் இதை எழுதலாமா என்று இரண்டு முறை யோசித்தேன். ஆனால் எழுதித்தான் ஆக வேண்டும்.

எனக்கும் இது நடந்தது. நான் விரும்பிப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், நேரலையில், என்னோடு ஆடினார். எனக்குத் தெரியாது. என் ரேட்டிங் அப்போது 900. ராணியை ஒரே நகர்த்தலில் தூக்கிக் கொடுத்துவிட்டேன், கவனக்குறைவு. மறுநாள் தோழி ஒருத்தி அந்தத் துண்டை அனுப்பினாள். அவர் சிரிக்கிறார். நாற்காலியில் சாய்ந்து சிரிக்கிறார். என் கணக்கின் பெயர் திரையில் பளிச்சென்று தெரிகிறது. பக்கத்தில் ஓடும் சாட்டில் என்னைப் பற்றி என்னவெல்லாமோ. பெயரைப் பார்த்துப் பெண் என்று கண்டுபிடித்து அதற்கும் நாலு பேர். அன்று இரவு முழுக்க என் கணக்குக்குச் செய்திகள் வந்தன. செய்திப் பெட்டியை அடைத்தேன். எட்டு மாதம் ஆடவில்லை.

அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. அவருக்கு அது ஒரு நொடி. சேலம் அண்ணா, உங்களுக்குக் கிடைத்தது அதிர்ஷ்டத்தால் கிடைத்தது இல்லை. உங்கள் ஆள் பெயரை மறைத்தார், நகர்த்தலைப் பற்றிப் பேசினார். அந்த இரண்டையும் அவர் செய்ததால் கிடைத்தது. எதிரில் இருப்பவரிடம் கேட்காமல், சொல்லாமல், ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால் அவரை வைத்துப் பாடம் நடத்துவது சரிதானா என்பதையும் இங்கே பேச வேண்டும்.

நீலக்கட்டம்:

அக்கா, படிக்கவே கஷ்டமாக இருந்தது. திரும்ப ஆட வந்ததற்கு நன்றி.

உங்கள் கேள்விக்கு என்னால் முடிந்த பதில். ஆட்டங்கள் ஏற்கனவே பொதுவில்தான் இருக்கின்றன. லிசெஸ் ரேட்டிங் ஆட்டங்கள் அனைத்தையும் மாதாமாதம் மொத்தக் கோப்பாக வெளியிடுகிறது, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். என் ஆட்டத்தை யாரோ பார்ப்பார்கள் என்பதை ஏற்றுக்கொண்டுதான் ஆடுகிறேன். ஸ்பீட்ரன் செய்யும் கிராண்ட்மாஸ்டர்கள் தளத்திடம் சொல்லிவிட்டுத்தான் தொடங்குவார்கள், செஸ்.காமில் எதிராளிகள் இழந்த புள்ளிகளைத் திருப்பித் தருவதும் உண்டு. அனுமதி இல்லாமல் வேறு கணக்கில் கீழே இறங்கி ஆடுவது விதிமீறல். எனவே ரேட்டிங் அளவில் யாரும் ஏமாறவில்லை.

ராணி_பத்திரம்:

புள்ளி போனதற்கா நான் எட்டு மாதம் ஆடாமல் இருந்தேன் தம்பி? ஆட்டம் பொதுவில் இருப்பது வேறு, அதன் மேல் ஒருவர் சிரிப்பதை ஆயிரம் பேர் பார்ப்பது வேறு. கோப்பில் என் ஆட்டம் கிடந்தால் யாரும் என்னைத் தேடி வரப்போவதில்லை.

நீலக்கட்டம்:

சரிதான் அக்கா. நீங்கள் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டேன். மன்னிக்கவும்.

சேலம்_சிப்பாய்:

காலையில் எழுதும்போது இருந்த சந்தோஷத்தில் இந்தப் பக்கத்தை நான் யோசிக்கவே இல்லை. அக்கா சொன்ன பிறகு வீடியோவை மறுபடி பார்த்தேன். நான் ஏ8 ஆடியதும் அவர் ஒரு நொடி பேசவில்லை. பிறகு, ‘ராஜா ஆபத்தில் இருக்கும்போது யானையை வீட்டுக்குக் கூப்பிடத்தான் எல்லோருக்கும் மனசு வரும், இங்கே தூரமாக அனுப்ப வேண்டும், அதுதான் கஷ்டம்’ என்றார். பிழை எனக்குப் புரிந்தது, அவமானமாகவும் இல்லை. என் பெயர் அங்கே இருந்து, அவர் சிரித்திருந்தால், நான் இந்த இழையைத் தொடங்கியிருக்க மாட்டேன். செஸ்ஸையும் விட்டிருப்பேனோ என்னவோ.

பெயரை மறைப்பதை விதியாகவே வைக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். ஒரு கறுப்புப் பட்டை போட எவ்வளவு நேரம் ஆகும்?

வன்னிக்குதிரை:

வணக்கம். நான் கிளிநொச்சியில் பிறந்து இப்போது டொராண்டோவில் இருக்கிறேன். இந்த இழையை வாசிக்கும்போது டேனியல் நரோடிட்ஸ்கியின் நினைவு வந்துவிட்டது, எழுதாமல் விட மனம் வரவில்லை.

தெரியாதவர்களுக்கு: அமெரிக்க கிராண்ட்மாஸ்டர். 1995இல் கலிபோர்னியாவில் பிறந்தவர். பதின்மூன்று, பதினான்கு வயதிலேயே செஸ் புத்தகம் எழுதியவர். 2025 அக்டோபரில், முப்பது வயது நிறைவதற்கு முன்பே இறந்துவிட்டார். ஸ்பீட்ரன் என்பதைப் பாடமாக மாற்றியவர்களில் அவரை முதலில் சொல்வேன். தொடக்கக்காரர்களோடு ஆடும்போதும், எதிராளி பிழை விட்டால் அது ஏன் இயல்பான பிழை, எந்த எண்ணத்தில் வந்திருக்கும் என்று பொறுமையாகச் சொல்லுவார். நான் ஏழு வருடம் செஸ்ஸை விட்டிருந்தேன். இரவு வேலைக்குப் போய் வந்து, பனி கொட்டும் விடியற்காலையில் அவரின் வீடியோவைப் பார்த்துத்தான் திரும்ப ஆடத் தொடங்கினேன். அவரோடு ஒருதரமாவது ஆட வேண்டும் என்று ஆசை இருந்தது. நடக்கவில்லை.

இதைத்தான் சொல்ல வந்தேன். அவரின் ஸ்பீட்ரன்களில் எதிரில் ஆடிய எத்தனையோ பேருக்கு, தாங்கள் யாரோடு ஆடினோம் என்பது இன்றைக்கும் தெரியாமல் இருக்கலாம். யாரோ ஒருவர் ஒரு பத்து நிமிட ஆட்டத்தில் தோற்றுவிட்டு, எரிச்சலோடு கணினியை மூடிவிட்டுப் போயிருப்பார். அந்த ஆட்டத்தை அவர் எவ்வளவு மரியாதையாக விளக்கினார் என்பதை அந்த ஆள் ஒருநாளும் கேட்டிருக்க மாட்டார். சேலம் அண்ணை, உங்களுக்கு அது கேட்கக் கிடைத்தது. அவருக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கோ. இருக்கும்போதே எழுத வேண்டும்.

பழைய_ஆர்பிட்டர்:

நரோடிட்ஸ்கி இறந்த செய்தி வந்த அன்று எங்கள் வகுப்பில் பிள்ளைகள் அழுதார்கள். பத்து வயது, பதினோரு வயதுப் பிள்ளைகள். நேரில் பார்த்ததே இல்லை. அவர் விளக்கிய ஒரு யானை எண்ட்கேமைப் பலகையில் வைத்து, அன்று அதை மட்டும் படித்தோம்.

ராணி_பத்திரம் சொன்னதையும் மறக்க வேண்டாம். ஆர்பிட்டராக (போட்டி நடுவராக) இருந்த காலத்தில் தோற்ற பிள்ளையின் பலகைக்குப் பக்கத்தில் பெரியவர்கள் நின்று சிரித்தால் வெளியே அனுப்பியிருக்கிறேன். திரைக்கு முன்னால் அப்படி வெளியே அனுப்ப ஆள் இல்லை.

கடிகாரம்_ஓடுகிறது:

சேலம் அண்ணா, அவருக்கு எழுதினீர்களா?

சேலம்_சிப்பாய்:

எழுதினேன் தம்பி, வன்னிக்குதிரை சொன்ன அன்றே. ஆங்கிலத்தில் நாலு வரி எழுத ஒரு மணி நேரம் ஆனது. வீடியோவுக்குக் கீழே போடவில்லை, போட்டால் அந்த ஆட்டம் யாருடையது என்று தெரிந்துவிடும். தனியாக அனுப்பினேன். ‘அந்தக் கேரோ-கான் நான்தான். ஃபிலிடோர் உங்களிடம் கற்றது. பெயரை மறைத்ததற்கு நன்றி.’ இவ்வளவுதான். பதில் வரவில்லை, அவருக்கு ஒரு நாளைக்கு எத்தனை வருமோ. போய்ச் சேர்ந்திருந்தால் சரி.

வேறொன்று சொல்ல வேண்டும். எனக்கு செஸ் சொல்லிக் கொடுத்தது அப்பா. அட்டைப் பலகையில், இரண்டு சிப்பாய் தொலைந்துபோய் புளியங்கொட்டை வைத்து ஆடுவோம். இப்போது எழுபத்திரண்டு வயது. ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வீடியோவைக் காட்டினேன். ஆங்கிலம் புரியாது, நான் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னேன். ‘இவருக்கு ஃபிலிடோர் தெரிந்திருக்கிறது’ என்ற இடத்தை மூன்று முறை போடச் சொன்னார். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, ‘பலகையை எடு’ என்றார்.

அந்த நிலையை வைத்தோம். அப்பாவுக்கு வெள்ளை. அவர் இ6 தள்ளினார், நான் ஏ1-க்குப் போனேன். பின்னாலிருந்து செக், செக், செக். நாலு முறை வேறு வேறு பக்கம் ராஜாவைக் கூட்டிப்போய்ப் பார்த்தார், ஒளிய முடியவில்லை. அதன் பிறகு சிப்பாயைத் தள்ளாமலேயே ஜெயிக்க வழி இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தார். ராத்திரி சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோதும் எழுந்து வரவில்லை. இன்று புதன்கிழமை. பலகை இன்னும் திண்ணையில் அப்படியே இருக்கிறது, கலைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்.